பொன்முடியின் குளிரும் தரவு மையத்தின் வெப்பமும்

பிளேடு சர்வர்களில் மெய்நிகராக்கம் பற்றிய ஒரு பாடம்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் பொன்முடி மலையை அடையலாம். கடைசிப் பகுதியில் 22 கொண்டையூசி வளைவுகளைக் கடக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுள்ள அம்மலையில், அடிவாரத்தைவிட வெப்பநிலை பல பாகை குறைந்திருக்கும். ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்பது பூகோளப் பாடத்தில் யாவரும் கற்றதே.

இம்மலையைக் காணும் மாணவர் எவரும் ஒரு வினாவை எழுப்பக்கூடும்: "தரவு மையங்களிலுள்ள கணிப்பொறிகள் இரவும் பகலும் வெப்பத்தை வெளியிடுகின்றன. அவற்றைக் குளிர்விக்கப் பெருமளவு மின்சாரம் செலவாகிறது. அவ்வாறிருக்க, அம்மையங்களை இயற்கையாகவே குளிர்ந்த பொன்முடியில் அமைக்காமல், வெப்பம் மிகுந்த நகரில் அமைப்பது ஏன்?" இவ்வினாவுக்கு ஒரு வரியில் விடை கூறிவிட இயலாது. அதற்கு விடை காணப் புகுந்தால், தரவு மையத்தின் உள்ளமைப்பு முழுவதையும் அறிந்துகொள்ளலாம். ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் இதனைப் படிப்படியாக விளக்குவதற்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது நகரத்தவர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. கேரளத்தில் 2002-ஆம் ஆண்டில் தொடங்கிய அக்ஷயா திட்டத்தின் மையங்கள் ஊர்தோறும் பரவியுள்ளன. மலைச்சரிவிலுள்ள தோட்டத் தொழிலாளர் ஒருவர் தம் மகளின் படிப்புக்கு வருமானச் சான்றிதழ் வேண்டுமென அத்தகைய மையம் ஒன்றில் விண்ணப்பிக்கிறார். அவ்விண்ணப்பம் அங்குள்ள கணிப்பொறியில் தங்குவதில்லை. தொலைவிலுள்ள தரவு மையத்துக்குச் செல்கிறது. அம்மையம் ஒரு நாள் நின்றுபோனால், சான்றிதழும் நின்றுபோகும்.

உறங்கும் பொறிகள்

சர்வர் என்பது பிறர் கேட்கும் வேலையைச் செய்துகொடுக்கும் கணிப்பொறி. அலுவலகங்களும் வணிக நிறுவனங்களும் முன்னர் ஒவ்வொரு பணிக்கும் ஒரு சர்வரை வாங்கின. சம்பளப் பட்டியலுக்கு ஒன்று, அஞ்சலுக்கு ஒன்று, கணக்குப் பதிவுக்கு ஒன்று எனப் பொறிகள் பெருகின. ஒரு பணியின் மென்பொருளில் ஏற்படும் கோளாறு மற்றொன்றைப் பாதிக்கலாகாது என்பதே இதற்குக் காரணம். அக்காரணம் நியாயமானதே, ஆயினும் அதன் விலை பெரிது. சம்பளப் பட்டியல் மாத இறுதியில் மட்டும் தயாராகிறது. எஞ்சிய நாட்களில் அந்தச் சர்வர் பெரும்பாலும் வேலையின்றி இருக்கிறது. வேலையற்ற சர்வர் மின்சாரம் உண்ணாமல் இருப்பதில்லை. முழு வேலையின்போது எடுக்கும் மின்சாரத்தில் பாதியையோ அதற்கு மேலுமோ அது வீணே எடுத்துக்கொண்டிருக்கும்.

ஒரே பொறியைப் பல பொறிகள் போலத் தோன்றச் செய்தால் இவ்வீண் செலவு குறையும். இதுவே மெய்நிகராக்கம் எனப்படும். தென்மாவட்டங்களில் ஏரிப் பாசனத்தைக் கண்டவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஏரி ஒன்று, வயல்கள் பல. ஒவ்வொரு விவசாயியும் தனித்தனி ஏரி வெட்டுவதில்லை. நீர்பாய்ச்சி என்னும் ஊர்ப் பணியாளர் மடையைத் திறந்தும் அடைத்தும் முறைவைத்து நீர் விடுகிறார். வரப்பு உள்ளமையால் ஒருவர் வயல் மற்றவர் வயலோடு கலப்பதில்லை. மெய்நிகராக்கத்தில் அந்நீர்பாய்ச்சியின் வேலையைச் செய்வது ஹைபர்வைசர் என்னும் மேற்பார்வை நிரல். அது செயலகத்தின் நேரத்தையும், நினைவகத்தின் இடத்தையும், வலைப்பின்னலின் பாதையையும் பங்கிட்டுக் கொடுக்கிறது. பங்கு பெறும் ஒவ்வொரு பகுதியும் மெய்நிகர்ப் பொறி எனப்படும். அதனுள் இயங்கும் மென்பொருள், தனக்கென ஒரு முழுக் கணிப்பொறி இருப்பதாகவே கொண்டு வேலை செய்யும்.

இக்கருத்து புதியதன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் இருந்த ஐ.பி.எம். ஆய்வு நிலையத்தில் 1960-களிலேயே இம்முறை உருவாயிற்று, 1972-இல் வி.எம்/370 என்ற பெயரில் அந்நிறுவனம் அதனை வெளியிட்டது. 1974-இல் போப்பெக், கோல்ட்பெர்க் என்னும் இரு அறிஞர்கள், மேற்பார்வை நிரல் ஒன்றுக்கு இருக்க வேண்டிய மூன்று இலக்கணங்களை வகுத்தனர்: உள்ளே இயங்கும் மென்பொருள் தனிப் பொறியில் இயங்குவது போலவே நடத்தல் வேண்டும், பெரும்பாலான கட்டளைகள் இடையீடின்றி நேரே நிறைவேறுதல் வேண்டும், வளங்களின் முழு ஆட்சியும் மேற்பார்வை நிரலிடமே இருத்தல் வேண்டும். பின்னர் 1998-இல் தொடங்கிய வி.எம்.வேர் நிறுவனமும், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்து 2003-இல் வெளிவந்த ஸென் நிரலும், 2007-இல் லினக்ஸ் கருவில் சேர்ந்த கே.வி.எம். நிரலும் இம்முறையைச் சாதாரணச் சர்வர்களுக்குக் கொண்டுவந்தன.

பிளேடு சர்வரின் அமைப்பு

தரவு மையத்தில் சர்வர்கள் ரேக் என்னும் இரும்புச் சட்டத்தில் அடுக்கப்படும். ரேக்கின் உயரம் யூ என்னும் அலகால் அளக்கப்படுகிறது. ஒரு யூ 44.45 மில்லிமீட்டர். வழக்கமான ரேக்கின் உயரம் 42 யூ. ஒரு யூ உயரமுள்ள சர்வர்களை அடுக்கினால் 42 பொறிகள் கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மின்வழங்கியும் விசிறியும் இருக்கும், ரேக்கின் பின்புறத்தில் கேபிள்கள் காடுபோல் அடரும்.

பிளேடு சர்வரில் இவ்வமைப்பு மாறுகிறது. சர்வர் என்பது செயலகமும் நினைவகமும் மட்டும் கொண்ட மெல்லிய தகடாகிறது. பல தகடுகள், புத்தக அலமாரியில் நூல்கள் நிற்பது போல், ஒரே உறைப்பெட்டியில் செங்குத்தாகச் செருகப்படுகின்றன. மின்வழங்கி, விசிறி, வலைப்பின்னல் இணைப்பு, கண்காணிப்புக் கருவி ஆகியவை அனைத்துத் தகடுகளுக்கும் பொதுவாக உறைப்பெட்டியில் அமைகின்றன. 2001-ஆம் ஆண்டை ஒட்டி இவ்வகை சந்தைக்கு வந்தது. ஐ.பி.எம். நிறுவனம் 2002-இல் வெளியிட்ட உறைப்பெட்டி 7 யூ உயரத்தில் 14 தகடுகளைத் தாங்கியது. எச்.பி. நிறுவனம் 2006-இல் வெளியிட்ட சி-7000 என்னும் உறைப்பெட்டி 10 யூ உயரத்தில் 16 அரைத் தகடுகளைத் தாங்கியது. அதற்கு 6 மின்வழங்கிகளும் 10 விசிறிகளும் போதுமாயின. அத்தகைய நான்கு பெட்டிகளை ஒரு ரேக்கில் வைத்தால் 64 சர்வர்கள் அடங்கும். ஒரு தகடு பழுதுற்றால், பெட்டியை நிறுத்தாமலே அதனை உருவி வேறொன்றைச் செருகலாம்.

மெய்நிகராக்கமும் பிளேடும் ஒன்றுக்கொன்று துணை. முன்னது பல வேலைகளைச் சில பொறிகளில் சேர்க்கிறது. பின்னது அப்பொறிகளைச் சிறிய இடத்தில் சேர்க்கிறது. இரண்டும் சேரும்போது நன்மையும் திரள்கிறது, இடரும் திரள்கிறது. ஆகவே மூன்று கணக்குகளைப் போட்டுப் பார்த்த பின்னரே இம்முறையை மேற்கொள்ளல் வேண்டும்.

முதற் கணக்கு: சுமை

எடுத்துக்காட்டாக, ஓர் அலுவலகத்தில் 20 பழைய சர்வர்கள் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றும் வேலையற்ற நிலையில் 180 வாட்டும், முழு வேலையில் 300 வாட்டும் எடுக்கும். சராசரிப் பயன்பாடு 8 விழுக்காடு. எனில், 20 பொறிகளும் செய்யும் மொத்த வேலை 1.6 பொறிகளின் வேலையே. ஒரு பொறியை 60 விழுக்காட்டுக்கு மேல் சுமத்தலாகாது என விதித்தால், 1.6-ஐ 0.6-ஆல் வகுக்க 2.67 வரும், அதாவது மூன்று பொறிகள். ஒன்று பழுதுற்றாலும் வேலை நிற்கலாகாது என்பதற்காக மேலும் ஒன்று, ஆக நான்கு.

முன்பு எடுத்த மின்திறன் ஏறத்தாழ 3,790 வாட். நான்கு பொறிகளும் 40 விழுக்காட்டுச் சுமையில் தலைக்கு 228 வாட், மொத்தம் 912 வாட் எடுக்கும். மிச்சம் ஏறத்தாழ 2,880 வாட். ஓராண்டின் 8,760 மணி நேரத்துக்கு இது 25,200 யூனிட்டாகும். குளிரூட்டலையும் மற்றச் செலவுகளையும் சேர்த்தால் மிச்சம் இன்னும் கூடும். மையம் முழுவதும் எடுக்கும் மின்சாரத்தைக் கணிப்பொறிகள் மட்டும் எடுக்கும் மின்சாரத்தால் வகுத்து வரும் எண்ணை மின்பயன் விகிதம் என்பர். அவ்விகிதம் 1.8 ஆக உள்ள மையத்தில், மேற்கூறிய மிச்சம் 45,000 யூனிட்டைத் தாண்டும்.

இவ்விடத்தே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, செயலகத்தின் சுமையை மட்டும் பார்த்தல் போதாது. செயலக நேரத்தை முறைவைத்துப் பகிரலாம்; நினைவகமோ பெரும்பாலும் முழுநேரமும் பிடிபட்டே இருக்கும். 20 மெய்நிகர்ப் பொறிகளுக்குத் தலைக்கு 16 ஜிகாபைட் எனில் 320 ஜிகாபைட் வேண்டும். நான்கு பொறிகளில் ஒன்று நின்றாலும் எஞ்சிய மூன்றில் அவ்வளவு இடம் இருக்கிறதா எனப் பார்த்தல் வேண்டும். இரண்டாவது, சராசரி நம்மை ஏமாற்றும். பள்ளி இறுதித் தேர்வின் முடிவு வெளியாகும் நாளில் மாணவரும் பெற்றோரும் ஒரே மணி நேரத்தில் ஒரே பக்கத்தைத் திறப்பர். ஆண்டின் சராசரி அந்நாளைக் காட்டாது. உச்சச் சுமைகள் வெவ்வேறு நாட்களில் வரும் பணிகளை ஒரே பொறியில் சேர்த்தலே நல்ல திட்டம்.

இரண்டாம் கணக்கு: வெப்பம்

சர்வர் எடுக்கும் மின்சாரம் அனைத்தும் இறுதியில் வெப்பமாக மாறுகிறது. 64 தகடுகள் தலைக்கு 300 வாட் எடுத்தால், ஒரு ரேக்கின் வெப்பம் 19.2 கிலோவாட். ஓர் ஆயிரம் வாட் மின் அடுப்புகள் பத்தொன்பதை ஒரு துணி அலமாரிக்குள் அடுக்கி இடையறாது எரிப்பதற்கு இது சமம்.

இவ்வெப்பத்தைக் காற்று சுமந்து செல்லுதல் வேண்டும். சமவெளியில் ஒரு கனமீட்டர் காற்றின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 1.2 கிலோஜூல் வேண்டும். உள்ளே செல்லும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் 12 பாகை வேறுபாடு எனக் கொண்டால், ஒரு கனமீட்டர் காற்று 14.4 கிலோஜூலைச் சுமக்கும். 19.2-ஐ 14.4-ஆல் வகுக்க, நொடிக்கு 1.33 கனமீட்டர் காற்று தேவை என்பது பெறப்படும். அதாவது, நிமிடத்துக்கு 80 கனமீட்டர். ஒரு சிறிய வகுப்பறையில் அடங்கும் காற்று முழுவதும் ஒவ்வொரு நிமிடமும் அந்த ஒரு ரேக்கினூடே சென்றாக வேண்டும்.

குளிரூட்டி நின்றுபோனால் என்ன ஆகும்? அந்த 80 கனமீட்டர் காற்றை ஒரு பாகை சூடாக்க 96 கிலோஜூல் போதும். 19.2 கிலோவாட் அதனை 5 நொடியில் கொடுத்துவிடும். சுவரும் இரும்பும் ஓரளவு வெப்பத்தை ஏற்பதால் நடைமுறையில் சற்றுத் தாமதமாகும். ஆயினும் நமக்குக் கிடைக்கும் அவகாசம் சில நிமிடங்களே. மின்சாரம் தடைப்பட்டால் பேட்டரி கணிப்பொறிகளைக் காக்கும். குளிரூட்டியைக் காப்பது யார் என்பதைக் களப்பணியாளர் முதலில் கேட்க வேண்டும்.

திருவனந்தபுரத்திலேயே இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2011 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்ட சாகா-220 என்னும் மீக்கணிப்பொறி, 400 செயலகங்களும் 400 வரைகலைச் செயலகங்களும் கொண்டு, நொடிக்கு 220 டிரில்லியன் கணக்குகளைச் செய்யும் திறனுடன் அமைக்கப்பட்டது. அது எடுத்த மின்திறன் ஏறத்தாழ 150 கிலோவாட். விண்வெளி ஆய்வுக்கென அமைந்த அப்பொறியின் பணி வேறு. ஆயினும் வெப்பவிதி அதற்கும் இதுவே. மேற்கண்ட முறையில் கணக்கிட்டால், அதற்கு நொடிக்கு 10 கனமீட்டருக்கும் மேற்பட்ட காற்று வேண்டும்.

பொன்முடி ஏன் விடையாகவில்லை?

இனி நம் மாணவரின் வினாவுக்கு வருவோம். குளிர்ந்த காற்று கிடைப்பது உண்மையே. ஆயின் நான்கு தடைகள் உள்ளன.

முதலாவது ஈரம். கணிப்பொறிகளுக்கு ஏற்ற காற்று எத்தகையது என அமெரிக்கக் குளிரூட்டுப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே வகுத்துள்ளது. வெப்பநிலை 18 முதல் 27 பாகை வரை இருத்தல் நன்று. பனிநிலை 15 பாகைக்கு மேற்படாதிருத்தல் நன்று. பனிநிலை என்பது காற்றிலுள்ள நீராவி துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. பொன்முடியில் மூடுபனி சூழ்ந்த வேளையில் காற்று நீராவியால் நிறைந்திருக்கும்; அப்போது பனிநிலையும் காற்றின் வெப்பநிலையும் ஒன்றே. 20 பாகைக் குளிர்மூட்டத்தின் பனிநிலை 20 பாகை. வெப்பநிலை ஏற்றதாயினும் ஈரம் வரம்பைக் கடந்துவிடுகிறது. அக்காற்றின் ஈரத்தைப் பிரித்தெடுக்க மீண்டும் குளிரூட்டியே வேண்டும்.

இரண்டாவது, காற்றின் அடர்த்தி. ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. எனவே அதே ரேக்குக்கு நொடிக்கு 1.33-க்குப் பதிலாக 1.47 கனமீட்டர் காற்று தேவைப்படும். விசிறிகள் அதற்கேற்ப அதிகம் சுழல வேண்டும்.

மூன்றாவது, பாதை. மையத்துக்கு வரும் மின்கம்பியும் ஒளியிழைக் கேபிளும் தனித்தனியே இரண்டு வழிகளில் வருதல் வேண்டும். மலைக்கு ஏறும் பெருவழி ஒன்றே. கனமழைக் காலத்தில் மண்சரிந்து அவ்வழி மூடப்படுவதுண்டு. டீசலும் மாற்று உறுப்புகளும் பழுது நீக்குவோரும் அவ்வழியேதான் வரவேண்டும்.

நான்காவது, காடும் மலையும். மலைச்சோலைகளும் புல்வெளிகளும் நிறைந்த அந்நிலத்தில் பெருங்கட்டடமும் ஜெனரேட்டர்களும் எழுப்புதல் தகுமா என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இக்காரணங்களை நோக்கினால், குளிர் மட்டும் இடத்தைத் தீர்மானிப்பதில்லை என்பது விளங்கும். கேரள மாநிலத் தரவு மையங்கள் இரண்டும் திருவனந்தபுரத்திலேயே அமைக்கப்பட்டன: ஒன்று பாளையம் பகுதியிலுள்ள கோ-பேங்க் டவர்ஸ் கட்டடத்தில், மற்றொன்று டெக்னோபார்க்கின் தேஜஸ்வினி கட்டடத்தில். மாநிலந்தோறும் இத்தகைய மையம் அமைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2008 ஜனவரியில் 1,623.20 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் அளித்தது. தேசியத் தகவலியல் மையத்தின் மேகராஜ் என்னும் மேகக்கணிமைச் சேவை 2014 பிப்ரவரியில் தொடங்கியது. துறைதோறும் தனிச்சர்வர் வாங்காமல், வேண்டிய அளவு மெய்நிகர்ப் பொறியைப் பெற்றுக்கொள்ளும் முறை இதனால் பரவிற்று.

மூன்றாம் கணக்கு: பழுது

தனித்தனிச் சர்வர்கள் இருந்த காலத்தில் ஒன்று நின்றால் ஒரு பணி நின்றது. ஒரு தகட்டில் 15 மெய்நிகர்ப் பொறிகள், ஒரு பெட்டியில் 16 தகடுகள் எனில், ஒரு பெட்டியை நம்பி 240 பணிகள் நிற்கின்றன. மெய்நிகர்ப் பொறியை ஒரு தகட்டிலிருந்து மற்றொன்றுக்கு, இயங்கிக்கொண்டிருக்கும்போதே மாற்றும் வசதி உண்டு. தகடு திடீரென நின்றால், அதிலிருந்த பணிகளை வேறு தகட்டில் மீண்டும் தொடங்கும் வசதியும் உண்டு. தரவு தகட்டில் இல்லாமல் பொதுச் சேமிப்பகத்தில் இருந்தால் இவை எளிதில் இயலும். ஆனால் தகடு நிற்பது வேறு, பெட்டி முழுவதும் நிற்பது வேறு. ஆகையால் ஒரு பணியின் முதற்பொறியும் அதன் மாற்றுப்பொறியும் ஒரே பெட்டியில் இருத்தலாகாது. இவ்விதியை மேற்பார்வை நிரலுக்குத் தெரிவித்தல் பொறுப்பாளரின் கடமை. நிரல் தானாக அதனை அறியாது.

பெட்டிக்குக் கூறியது கட்டடத்துக்கும் பொருந்தும். 2025 செப்டம்பர் 26-ஆம் நாள் தென்கொரியாவின் தேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரியில் தீப்பற்றியது. 600-க்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ஒரு பொதுச் சேமிப்பகம், வேறிடத்தில் நகல் இல்லாமையால் முற்றும் அழிந்தது. மின்னணுத் துறையில் முன்னேறிய நாடே இத்துயரை அடைந்தது. நகல் என்பது வேறு கட்டடத்தில் இருந்தால் மட்டுமே நகல். அதனை அவ்வப்போது மீட்டுப் பார்த்தால் மட்டுமே அது பயன்படும் நகல்.

களத்திலும் வகுப்பிலும்

சர்வர் அறையைப் பார்வையிடச் செல்லும் களப்பணியாளர் பின்வருவனவற்றைக் குறித்துக்கொள்ளலாம். தளம் எவ்வளவு எடையைத் தாங்கும்? நிரம்பிய உறைப்பெட்டி ஒன்று 200 கிலோவைத் தொடும். நான்கு பெட்டிகளுடன் ரேக் ஒரு டன்னை நெருங்கும். வெற்றிடச் செருகிகள் மூடப்பட்டுள்ளனவா? மூடாத துளை வழியே வெப்பக்காற்று திரும்பி முன்புறம் வரும். இரு மின்பாதைகளும் உண்மையில் வெவ்வேறானவையா, அல்லது ஒரே பலகையில் முடிகின்றனவா? ஒரு ரேக்கின் வெப்பத்தை அகற்ற அறைக்கு வலிமை இல்லையெனில், பிளேடுகளை விடுத்துச் சாதாரண ரேக் சர்வர்களைப் பரவலாக வைத்தலே அறிவுடைமை. மெய்நிகராக்கத்துக்குப் பிளேடு இன்றியமையாததன்று. மேற்பார்வை நிரலின் உரிமக் கட்டணத்தையும் கணக்கிட வேண்டும். 2023-இல் வி.எம்.வேர் நிறுவனத்தைப் பிராட்காம் வாங்கிய பின், நிரந்தர உரிமம் விற்கும் முறை கைவிடப்பட்டு ஆண்டுச் சந்தா முறை வந்தமை இதற்குச் சான்று.

ஆசிரியர்கள் இரு சோதனைகளைச் செய்து காட்டலாம். முதலாவது: பளபளப்பான எவர்சில்வர் டம்ளரில் பாதியளவு நீர் ஊற்றி, வெப்பமானியை இட்டு, பனிக்கட்டித் துண்டுகளைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்குக. டம்ளரின் வெளிப்புறம் மங்கும் கணத்தில் வெப்பமானி காட்டுவதே அன்றைய பனிநிலை. அது 15 பாகைக்கு மேலா கீழா என மாணவர் குறிக்கட்டும். மழைநாளிலும் வெயில்நாளிலும் செய்து ஒப்பிடுக. இரண்டாவது: பள்ளிக் கணிப்பொறிகளில் செயலகத்தின் பயன்பாட்டைக் காட்டும் நிரலைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பயன்பாட்டு விழுக்காட்டை எழுதச் செய்க. அனைத்துப் பொறிகளின் சராசரியைக் கண்டு, அவ்வேலைக்கு எத்தனை பொறிகள் போதும் என முதற் கணக்கின் வழியே கணிக்கச் செய்க. பின்னர், "எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால்?" என்று கேட்க வேண்டும்.

பல பொறிகளை ஒன்றாகச் சேர்ப்பதால் மின்சாரமும் இடமும் பொருளும் மிஞ்சுகின்றன. மிஞ்சியவற்றில் ஒரு பங்கை வெப்பத்தை அகற்றுவதற்கும், மாற்றுப்பொறிக்கும், வேறிடத்து நகலுக்கும் செலவிட வேண்டும். அச்செலவைத் தவிர்த்துவிட்டுச் சிக்கனம் செய்ததாக மகிழ்ந்தால், மலைச்சரிவிலிருந்து சான்றிதழுக்கு விண்ணப்பித்த தொழிலாளரே அதன் விலையைக் கொடுப்பார். சுமை, வெப்பம், பழுது என்னும் மூன்று கணக்குகளையும் சேர்த்தே போட வேண்டும் என்பதை மாணவர் மனத்தில் பதியச் செய்தல் நம் கடன்.